லாரி மோதிய பிறகு: இழப்பீட்டை முடிவு செய்யும் முதல் தொண்ணூறு நாட்கள்

காந்திகிராமத்தைத் தொட்டுக்கொண்டு போகும் திண்டுக்கல் - மதுரை நான்குவழிச் சாலை, ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை நீளும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு துண்டு. துறைமுகத்துக் கன்டெய்னர்கள், வேடசந்தூர் மில்களுக்கான பஞ்சுப் பொதி, நாமக்கல் பதிவெண் கொண்ட டாரஸ் லாரிகள், காய்கறி லோடு என்று இரவும் பகலும் ஓயாத ஓட்டம். அதே சாலையின் ஓரத்தில்தான் சின்னாளபட்டி நெசவாளர் டூவீலரில் நூல் கட்டி எடுத்துப் போகிறார். அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்கள் வேலைக்கு லோடு வேன் ஏறுகிறார்கள். தைப்பூசம் நெருங்கினால் மாவட்டத்துச் சாலைகளில் பழனி பாதயாத்திரைக் கூட்டம் இருட்டிலும் நடக்கிறது. பத்து டன் இரும்பும் ஓர் உடம்பும் ஒரே தார்ச்சாலையைப் பங்கிட்டுக்கொள்ளும் இடம் இது.

மத்திய அரசின் கணக்குப்படி 2022-இல் நாடு முழுவதும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நடந்த விபத்துகள் 64,105. எண்ணிக்கையில் நாட்டிலேயே இதுதான் முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். காயம்பட்டுப் பிழைத்தவர்களின் கதையைச் செய்தித்தாள்கள் மறுநாளே விட்டுவிடுகின்றன. அவர்களுக்குச் சட்டம் என்ன தருகிறது, தருவது ஏன் கைக்கு வந்து சேர்வதில்லை என்பதே இந்தக் கட்டுரை எடுத்துக்கொண்ட கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் சட்டம் கஞ்சத்தனமானது அல்ல. கடந்த பதினைந்து ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் அதை மேலும் தாராளமாக்கியிருக்கிறது. ஆனால் எம்.சி.ஓ.பி. என்று எல்லோரும் சொல்லும் அந்த இழப்பீட்டு மனு, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போவதற்கு வெகு முன்பே, மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் எழுதப்படும் சில தாள்களில் பாதி முடிவாகிவிடுகிறது. கிராமத்துக் குடும்பங்கள் தோற்பது அங்கேதான்.

முதல் தாள், அவசர சிகிச்சைப் பிரிவில் எழுதும் விபத்துப் பதிவேடு. ஏ.ஆர். காப்பி என்பார்கள். அடிபட்டவர் மயங்கிக் கிடக்கும்போது டாக்டர் கேட்கிறார்: எப்படி அடிபட்டது? கூட வந்தவர் பதற்றத்தில், “வண்டியில இருந்து விழுந்துட்டாருங்க” என்று சொல்லிவிடுகிறார். லாரி தட்டித்தான் விழுந்தார் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் வாயில் வந்தது அவ்வளவுதான். அந்த ஒரு வரி பதிவேட்டில் ஏறிவிடுகிறது. இரண்டு ஆண்டு கழித்து இன்சூரன்ஸ் நிறுவனத்தின் வழக்கறிஞர் அதே வரியைக் காட்டி, லாரியே சம்பந்தப்படவில்லை, தானாக விழுந்தவர் என்று வாதிடுவார். ஆகவே அந்த நேரத்தில் சொல்ல வேண்டியது மூன்றே சங்கதிகள்: எந்த வண்டி மோதியது, எங்கே, எத்தனை மணிக்கு. லாரியின் எண் தெரிந்தால் எண். தெரியாவிட்டால் “அடையாளம் தெரியாத லாரி”. லாரி என்ற சொல் அந்தத் தாளில் இருந்தாக வேண்டும்.

சிகிச்சைப் பணத்துக்கு அஞ்சி யாரும் தயங்க வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலிலுள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டமோ ஏழு நாட்களுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை தருகிறது. அடிபட்டவரைத் தூக்கிச் சென்றவரைச் சாட்சி சொல்லவோ பெயர் கொடுக்கவோ கட்டாயப்படுத்தக் கூடாது என்பதும் இப்போது சட்டம்.

இரண்டாவது தாள் முதல் தகவல் அறிக்கை. விபத்து நடந்த இடத்திலேயே சமரசம் பேசுவது நம் பக்கத்து வழக்கம். “கேஸ் எதுக்கு, ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கிறோம்” என்று லாரி தரப்பில் ஒருவர் கையில் கொஞ்சம் பணத்தைத் திணித்துவிட்டுப் போவார். பத்து நாள் கழித்து அவர் போனை எடுக்க மாட்டார். அதற்குள் லாரி வேறு மாநிலம் போய்விட்டிருக்கும். புகார் தாமதமானது ஒன்றே மனுவைத் தள்ளக் காரணமாகாது என்று, லாரியால் அடிபட்ட ஒரு சிறுவனின் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் தாமதத்துக்கு விளக்கம் சொல்லும் சுமை குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது.

இன்னும் கொடியது ஒன்று உண்டு. டூவீலரில் வந்தவர் இறந்துவிட்டார். லாரி டிரைவர் முதலில் ஸ்டேஷனுக்குப் போய், அவர்தான் தாறுமாறாக வந்து மோதினார் என்று எழுதிக் கொடுக்கிறார். செத்தவர்மீதே வழக்குப் பதிவாகி, குற்றவாளி இறந்ததால் கைவிடப்பட்டது என்று கோப்பு மூடப்படுகிறது. குடும்பம் அதோடு சோர்ந்துவிடுகிறது. சோர வேண்டாம். தீர்ப்பாயம் போலீஸ் முடிவுக்குக் கட்டுப்பட்டதல்ல. குற்ற வழக்கில் கேட்பதுபோலச் சந்தேகத்துக்கு இடமற்ற நிரூபணத்தையும் அது கேட்பதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். தமிழகத்துப் பேருந்து ஒன்று தொங்கிக்கொண்டிருந்த மின்கம்பியில் பட்டுப் பயணிகள் இறந்த வழக்கில், டிரைவர் குற்ற வழக்கில் விடுதலையாகியிருந்தும் இழப்பீடு உண்டு என்று 1980-இலேயே நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதினார். பார்வை மகஜர், வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, சுங்கச்சாவடி கேமரா, பெட்ரோல் பங்க் கேமரா, நேரில் பார்த்த டீக்கடைக்காரர் என்று எதுவும் சாட்சியாகும். கேமராப் பதிவுகள் சில நாட்களிலேயே அழிந்துவிடும் என்பதால் முதல் வாரத்திலேயே ஸ்டேஷனில் எழுத்து மூலம் கேட்டுவிட வேண்டும்.

தலைப்பில் சொன்ன தொண்ணூறு நாள் கணக்கு இங்கிருந்து வருகிறது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு, அதற்கான விதிகள் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். பத்து நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்கு அவருடைய உரிமைகளை விளக்கும் படிவத்தைத் தர வேண்டும். ஐம்பது நாளில் இடைக்கால அறிக்கை, தொண்ணூறு நாளில் விரிவான அறிக்கை. அந்த விரிவான அறிக்கையையே தீர்ப்பாயம் இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளலாம். அது கிடைத்த முப்பது நாளில் இன்சூரன்ஸ் நிறுவனம் எவ்வளவு தரத் தயார் என்று சொல்ல வேண்டும். இதை நாடு முழுவதும் அமல்படுத்த 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தனியாக உத்தரவும் போட்டது. படித்துப் பாருங்கள்: புரோக்கர் யாரும் நுழைய இடமே இல்லாத ஏற்பாடு இது. இது எழுத்துப் பிசகாமல் நடந்தால், ஆஸ்பத்திரி வாசலில் வக்காலத்துத் தாளோடு காத்திருக்கும் ஆட்களுக்கு வேலையே இருக்காது. உரிமைப் படிவத்தைக் கையில் வாங்கிய ஒரு குடும்பத்தையாவது உங்கள் ஊரில் உங்களுக்குத் தெரியுமா என்று ஒரு நிமிடம் யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி, நெடுஞ்சாலைக்கே உரிய இரண்டு சங்கதிகள்.

ஒன்று, நிறுத்தி வைத்த லாரி. பின்விளக்கு எரியாமல், பிரதிபலிப்பு ஸ்டிக்கர் இல்லாமல், டயர் பஞ்சராகிச் சாலையிலேயே நிற்கும் டிரைலரில் இரவு நேரத்தில் டூவீலரோ காரோ போய்ப் பின்னால் மோதுகிறது. “நின்ற வண்டியில் இவர்தான் மோதினார்” என்பது வழக்கமான பதில். பாதித் தப்பு உங்களுடையது என்று தொகையைப் பாதியாக்கிய தீர்ப்புகள் ஏராளம். உச்ச நீதிமன்றம் 2018-இல் சாலையில் நிறுத்தப்பட்ட எரிவாயு டேங்கர் வழக்கிலும், 2024-இல் பதினான்கு சக்கர டிரைலர் வழக்கிலும் அந்தப் போக்கை மாற்றியது. எச்சரிக்கை அடையாளம் எதுவும் வைக்காமல் நெடுஞ்சாலையில் வண்டியை விட்டுச் சென்றவரே முழுப் பொறுப்பு என்றது. அதனால் மோதிய நேரத்தில் லாரியின் விளக்கு எரிந்ததா, பின்னால் முக்கோணப் பலகையாவது மரக்கிளையாவது வைத்திருந்தார்களா என்பதைச் சாட்சிகள் போலீஸிடம் சொல்லிப் பதிய வைப்பது முக்கியம். டூவீலரில் மூன்று பேர் போனார்கள் என்பதாலேயே குறைக்கக் கூடாது, அதுதான் விபத்துக்குக் காரணம் என்று காட்டியாக வேண்டும் என்றும் 2020-இல் தீர்ப்பு வந்திருக்கிறது.

இரண்டாவது சங்கதி எனக்கு மிகுந்த வேதனை தருவது. சரக்கு வண்டியில் ஆள் ஏறிப் போவது. களையெடுப்பு, நாற்று நடவு, கோயில் பொங்கல், வளைகாப்பு, துக்க வீடு என எதற்கும் லோடு வேனும் மினி லாரியுமே நம் கிராமங்களின் வாகனம். கவிழ்ந்தால் ஒரே நேரத்தில் இருபது பேர். ஆனால் சரக்கு வண்டியில் ஏறிய பயணிக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பல்ல என்று 2002-இல் உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு தீர்ப்பளித்தது. சரக்கோடு போகும் சரக்கு உரிமையாளர் அல்லது அவருடைய ஆள், வண்டியில் வேலை செய்யும் லோடுமேன், கிளீனர் ஆகியோருக்கு மட்டுமே பாதுகாப்பு. காய்கறி மூட்டையோடு சந்தைக்குப் போன விவசாயிக்குக் கிடைப்பது, அதே வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து கல்யாணத்துக்குப் போன தங்கச்சிக்குக் கிடைக்காது. சில வழக்குகளில் நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றம் இரங்கியிருக்கிறது. இரக்கம் உரிமை ஆகாது. காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போக பஸ் இல்லாத ஊரில் பெண்கள் வேறு எதில் ஏறுவார்கள்? கூலியாட்களை ஏற்றும் லோடு வேன்களுக்குக் கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு காப்பீடு தரச் சட்டம் திருத்தப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை எச்சரிக்கையாக ஒன்று சொல்லலாம்: மோதியது எதிரே வந்த லாரி என்றால், அந்த லாரியின் இன்சூரன்ஸிடம் வேனில் இருந்தவர்களும் கேட்கலாம். இரு வண்டிகளுமே தப்பு செய்திருந்தால் இரண்டில் எதனிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம் என்று 2015-இல் தீர்ப்பு உண்டு.

டிரைவருக்கு உரிய லைசென்ஸ் இல்லை, பெர்மிட் இல்லை, எஃப்.சி. முடிந்துவிட்டது என்பவையும் நிறுவனங்கள் வழக்கமாகக் கிளப்பும் மறுப்புகள். வழியில் நடந்து போனவருக்கு இதனால் நஷ்டம் வரக் கூடாது என்பதுதான் 2004 முதல் சட்டத்தின் பொதுப் போக்கு. கொடுத்துவிட்டு வசூலித்துக்கொள்ளச் சொல்வார்கள். மூன்றாம் நபர் பாலிசியில் உயிருக்கும் காயத்துக்கும் உச்சவரம்பு கிடையாது.

தொகை எப்படிக் கணக்காகிறது என்பதை விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பேரம் பேச வருபவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். 2009-இல் வந்த சரளா வர்மா தீர்ப்பும் 2017-இல் வந்த பிரணய் சேத்தி தீர்ப்பும்தான் அளவுகோல். ஓர் எடுத்துக்காட்டு. 34 வயதுக்காரர், சொந்தத் தொழில், மாதம் 15,000 ரூபாய் சம்பாத்தியம், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. நாற்பது வயதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 21,000. நான்கு பேர் அவரை நம்பியிருந்ததால் அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. இந்த ஆண்டுத் தொகையைப் பெருக்க வேண்டிய பெருக்கெண் 31 முதல் 35 வயதுவரை 16. ஆக 30,24,000 ரூபாய். இறுதிச் சடங்கு, சொத்திழப்பு, துணையிழப்புத் தொகைகள் தனி. அதே மனிதருக்கு வருமானச் சான்று ஒன்றுமில்லை என்று சொல்லி மாதம் 9,000 என்று வைத்தால் கிடைப்பது 18,14,400. ஒரு தாள் இல்லாததன் விலை பன்னிரண்டு லட்சத்துக்கும் மேல்.

நெசவுக் கூட்டுறவுச் சங்கத்தின் கூலிப் பாஸ் புத்தகம், மாஸ்டர் வீவரின் கணக்கு நோட்டு, கமிஷன் மண்டிச் சீட்டு, பால் சொசைட்டிப் புத்தகம், மகளிர் குழுக் கடன் தவணை, போனில் பணம் வந்த பதிவு எல்லாம் சான்றுதான். எதுவுமே இல்லாவிட்டாலும் தீர்ப்பாயம் நியாயமான ஒரு தொகையை வைத்தாக வேண்டும். 2008-இல் காலை இழந்த காய்கறி வியாபாரி ஒருவருக்கு எந்தச் சான்றும் கேட்காமல் மாதம் 6,500 என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் வைத்தது. வீட்டு வேலை மட்டும் செய்த பெண்ணுக்கும் வருமானம் கணக்கிட வேண்டும், அது தயவல்ல என்று 2021-இல் தெளிவாகச் சொன்னது.

இறந்தவரைவிட, ஊனமாகிப் பிழைத்தவரின் கணக்கில்தான் அநியாயம் அதிகம். மருத்துவக் குழு 50 சதவீதம் என்று எழுதினால், சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் என்று பெருக்கி ஓரிரு லட்சத்தில் முடித்துவிடும் பழக்கம் தமிழகத்தில் நீண்ட காலம் இருந்தது. உடம்பில் எவ்வளவு போனது என்பதோடு, பிழைப்பில் எவ்வளவு போனது என்பதையும் பார்க்க வேண்டும் என்று 2010-இலேயே உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. சின்னாளபட்டிக் குழித்தறியை நினைத்துப் பாருங்கள். தறிக்காரரின் கை நாடாவை ஓட்டும். கால் மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதித்தால்தான் பாவு பிரியும். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போன எழுத்தருக்கு அது பாதி இழப்பாக இருக்கலாம். தறிக்காரருக்குத் தறியே போய்விட்டது. மேலே சொன்ன வருமானத்தில் 50 சதவீத இழப்பு என்றால் 20,16,000 ரூபாய். 90 சதவீதம் என்றால் 36,28,800. காயம்பட்டவர் உயிரோடு இருப்பதால் சொந்தச் செலவுக் கழிவும் கிடையாது. ஆகவே டாக்டரிடம் சதவீதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வருவது போதாது. இவர் என்ன தொழில் செய்தார், இனி அதைச் செய்ய முடியுமா என்பதையும் டாக்டர் சாட்சியத்தில் சொல்ல வேண்டும். உடன் தறி நெய்தவர் ஒருவர் கூண்டேறிச் சொல்ல வேண்டும்.

பராமரிப்பும் இழப்பே. டிராக்டரில் பெற்றோரோடு போன 12 வயதுச் சிறுமிமேல் லாரி மோதி, மூளை பாதிக்கப்பட்டுப் படுக்கையில் விழுந்த ஹரியானா வழக்கில், தீர்ப்பாயத்தில் சுமார் 11 லட்சமாகவும் உயர் நீதிமன்றத்தில் 25 லட்சத்துக்கு மேலாகவும் இருந்த தொகையை 2020-இல் உச்ச நீதிமன்றம் 62 லட்சத்துக்கு மேல் உயர்த்தியது. இரண்டு உதவியாளர்களுக்கும் சேர்த்து மாதம் 10,000 ரூபாய் என்று வைத்துப் பெருக்கெண் போட்டுக் கணக்கிட்டது. நம் ஊரில் அந்த வேலையை அம்மாவோ மனைவியோ தறியையும் காட்டு வேலையையும் விட்டுவிட்டுச் செய்கிறார்கள். மனுவில் அதைக் கேட்பதே இல்லை. கேளுங்கள்.

மோதிய லாரி நிற்காமல் போய்விட்டால்? கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு, இந்தத் துறையில் பல உத்தரவுகளுக்குத் தாய். வண்டி கண்டுபிடிக்கப்படாத விபத்தில் இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் தரும் திட்டம் 2022 முதல் உள்ளது. விண்ணப்பம் வருவாய்த் துறை அதிகாரியிடம். அனுமதிப்பவர் மாவட்ட ஆட்சியர். இதைக் கேட்டு வந்தவர்கள் மிகக் குறைவு என்று ராஜசேகரன் வழக்கில் கண்ட உச்ச நீதிமன்றம், ஒரு மாதத்தில் வண்டி கிடைக்காவிட்டால் திட்டத்தைப் பற்றிப் போலீஸே குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் உத்தரவிட்டது.

யார் தப்பு என்று நிரூபிக்காமலே இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் வாங்கும் 164-ஆம் பிரிவும் மோட்டார் வாகனச் சட்டத்தில் உண்டு. அவசரப்பட வேண்டாம். அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால் 166-ஆம் பிரிவில் போட்ட முழு இழப்பீட்டு மனு செல்லாததாகிவிடும். கையெழுத்துக் கேட்டு வருபவரிடம், எந்தப் பிரிவு என்று கேட்டுவிட்டுப் பேனாவை எடுங்கள்.

காலக்கெடுவில் இன்னொரு கண்ணி. மனுப் போடுவதற்கு இருந்து 1994-இல் நீக்கப்பட்ட கெடு, 2022 ஏப்ரல் முதல் ஆறு மாதமாகத் திரும்பி வந்துவிட்டது. இடுப்பெலும்பு முறிந்தவர் எழுந்து நடக்கவே ஆறு மாதமாகும். இந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. காலம் கடந்தது என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. இடைக்கால உத்தரவை நம்பி உட்கார்ந்திருக்கலாகாது. லாரி எந்த மாநிலத்துப் பதிவாக இருந்தாலும், விபத்து நடந்த இடத்திலோ மனுதாரர் குடியிருக்கும் ஊரிலோ மனுப் போடலாம் என்பதால் திண்டுக்கல் தீர்ப்பாயமே போதும். மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், 90 நாளுக்குள்.

லாரி டிரைவரையும் கிளீனரையும் எதிரிகளாக மட்டும் பார்ப்பது சரியல்ல. வண்டி கவிழ்ந்து நசுங்குபவர்களில் அவர்களும் உண்டு. வேலையில் அடிபட்ட தொழிலாளி என்ற முறையில், டிரைவர்மேலேயே தப்பு இருந்தாலும் அவருக்கு இழப்பீடு உண்டு. தீர்ப்பாயம், தொழிலாளர் இழப்பீடு என்ற இரு வழிகளும் திறந்திருக்கும்போது ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம்.

மக்கள் நீதிமன்றம் நல்ல வழிதான்; உடனே முடியும், கட்டணமில்லை. ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல்முறையீடு கிடையாது. ஆகையால் மேலே போட்ட கணக்கை வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். தீர்ப்பான பணமும் தானாக வீடு தேடி வராது. தீர்ப்பாயங்களில் வாங்க ஆளில்லாமல் பெருந்தொகைகள் தேங்கிக் கிடப்பதைக் கண்டு, உரியவர்களைத் தேடிக் கொடுக்க 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பணம் மனுதாரரின் வங்கிக் கணக்குக்கே நேரே போக வேண்டும். பங்கு கேட்டு முன்கூட்டியே வெற்றுத்தாளிலோ காசோலையிலோ கையெழுத்து வாங்குபவர் வழக்கறிஞராக இருந்தாலும் கொடுக்கக் கூடாது.

காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகத்தில் படிப்போர் ஊர்களில் தங்கிச் சேவை செய்யும் மரபு பழையது. அந்த நிறுவனம் கிராமிய உயர்கல்விக்காகத் தொடங்கப்பட்ட அதே 1956-ஆம் ஆண்டில்தான், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களுக்கு வழிசெய்த சட்டத் திருத்தமும் வந்தது. ஊருக்குப் போகும் மாணவர்கள் அந்த உரிமைப் படிவத்தைக் கையில் எடுத்துப் போய், ஊர் மந்தையில் ஒரு மாலை படித்துக் காட்டினால் போதும். காவல்துறை அந்தப் படிவத்தைக் கேட்காமலே கொடுக்க வேண்டும். கொடுத்ததற்கு ஒப்புதல் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும்.

படிக்கும் உங்களிடம் கேட்பது இது: அக்கம்பக்கத்தில் யாருக்காவது லாரி விபத்து நேர்ந்திருந்தால், அந்த வீட்டுக்குப் போய் விபத்துத் தேதியைக் கேளுங்கள், ஆறு மாதம் ஆகிறதா என்று பாருங்கள். பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் யாராக இருந்தாலும் வருமான வரம்பு பாராமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் வைத்துத் தரும். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 15100.